நாலு மணி நேரக் கொதி

மர்டோ கில்லிஸ் எஃபியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவன் அவளுடைய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஐம்பத்தொன்பது வயது ஆளை அவன் இவன் என்பதா என்று கேட்க வேண்டாம். ஆர்டகன் பண்ணையில் வண்டியையே வீடாக்கி நிறுத்திக் குளிர்காலம் கழிக்கிற யாருக்கும் மரியாதைப் பன்மை கிடையாது.

எஃபியின் சமையல் மேடைக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் உண்டு. கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும். இறங்கி வெளியே போவதற்கு வழி வேண்டும். அந்த வழியில் இலைச் சருகு அடைத்துக்கொண்டதென்று மர்டோ அதைக் குடைந்துகொண்டிருந்தான். எஃபி மேலே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். துவாரத்தின் வழியாகக் குரல் வந்தது.

"எஃபி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. ஆனா என் வண்டியப் பத்திக் குறை சொன்னேன்னா வெங்காயத் தோலு அந்த ஓட்டை வழியாத்தான் வரும்."

"என்னக் கட்டிக்கிறியா?"

எஃபி கத்தியைக் கீழே வைத்தாள். குனிந்து துவாரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு கண் மட்டும் தெரிந்தது; அதிலும் சருகுத் தூள்.

"இதக் கேக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

"முகத்தப் பாத்துக் கேக்க தைரியம் வரல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். கண்ணில் நீர் வந்த பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டாள்.

சிக்கல் மறுநாள்தான் ஆரம்பித்தது. கல்யாணம் சரி, எந்த வண்டியில் குடித்தனம்?

எஃபி ராங்கின் முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அந்த முப்பது வருஷமும் அண்ணன் வீட்டில், அண்ணி காட்டிய அறையில் இருந்தாள். இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே அடுப்பைத் தொடக்கூடாது. ஐம்பத்து நாலாவது வயதில், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய நூலக வண்டியை ஏலத்தில் எடுத்தாள். புத்தக அலமாரிகளைக் கழற்றவில்லை. அவற்றில் இப்போது மிளகும் பட்டையும் ஜாமும் வரிசையாக நிற்கின்றன. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ரொட்டி சுட ஒரு சின்ன ஓவன், மூலையில் ஒரு பானை வைக்கக்கூட இடமில்லாத குட்டி விறகு கணப்பு. அந்த வண்டிக்குச் சாவி ஒன்றுதான். அது அவள் கழுத்தில் தொங்கியது. தன் பெயரில் ஒரு கதவு என்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை விற்பதா?

மர்டோவோ படகுத்துறையில், தீவுகளுக்குப் போகும் கப்பல்களில் மின்வேலை பார்த்தவன். பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி நான்கு வருஷம் உட்கார்ந்து இழைத்திருந்தான். கேஸ் என்ற பேச்சே கிடையாது. கூரையில் சோலார் பலகை, கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி, இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு. ஹீட்டர் தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருப்பான். தீயணைப்புக் கருவிக்கே உறை தைத்துப் போட்ட மனுஷன்.

"ஒன் வண்டியில தூங்கினா ஆஸ்பத்திரியில படுத்த மாதிரி இருக்குய்யா. பச்சை வெளக்கு, செவப்பு வெளக்கு, கீ கீன்னு சத்தம்" என்பாள் எஃபி.

"ஒன் வண்டியில தூங்கினா ஆஸ்பத்திரியிலதான் எந்திரிக்கணும். கேஸு, வெறகு, மெழுகுவத்தி! எரியிறதுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்பான் அவன்.

அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவள் வண்டியில் கார்பன் மோனாக்சைடு விஷவாயு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்ப்பான். சோப்பு நுரையைக் கேஸ் குழாயில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பான். ஜன்னல் இரண்டு விரல் அகலம் திறந்திருக்கிறதா என்று விரலை வைத்தே அளப்பான். எஃபிக்கு அது ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கும். அண்ணி அடுப்படியில் விரலால் தூசி தொட்டுப் பார்த்ததுதான் நினைவுக்கு வரும். என் வண்டியை மட்டம் தட்டுகிறான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வாள்.

இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் பக்கத்து வண்டிக்காரி செங்காவுக்குப் பொறுமை போய்விட்டது. செங்கா கிளாஸ்கோ பெண். நாற்பது வருஷம் பஸ்ஸில் நடத்துநர், பிறகு ஓட்டுநர். அவள் வாய்க்கு எதிரே யாரும் நிற்பதில்லை.

"ரெண்டு பேரும் சமைங்கடா. எந்த வண்டியில சமையல் உருப்படியா வருதோ, எந்த வண்டியில ஒக்காந்தா எனக்குக் காலு விறைக்காம இருக்கோ, அந்த வண்டி தங்கும். இன்னொண்ணு விக்கிற விலைக்குப் போகட்டும். தீர்ப்பு என்னுது. சம்மதமா?"

"என்ன சமைக்கணும்?" என்றாள் எஃபி, கண்ணில் அப்போதே பளபளப்பு.

"க்ளூட்டி."

மர்டோவின் முகம் தொங்கிப்போயிற்று. எஃபி சிரித்தாள்.

க்ளூட்டி என்றால் மாவு, மாட்டுக் கொழுப்பு, உலர்திராட்சை, பட்டை, கருப்பு வெல்லப்பாகு எல்லாம் பிசைந்து, மாவு தூவிய துணியில் மூட்டை கட்டி, கொதிக்கிற தண்ணீரில் நாலு மணி நேரம் போடுகிற புட்டிங். நாலு மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் கொதி அடங்கக்கூடாது. அடங்கினால் துணிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். மேலே பளபளவென்று தோல் கட்டவேண்டியது கஞ்சியாகிப் போகும். பாதிக் கல்யாணங்கள் அந்த ஊரில் இதன் தோலைப் பார்த்துத்தான் முடிவாகின்றன என்பார்கள். வீட்டில் செய்வதே பெரும்பாடு. பிப்ரவரி மாதத்தில், பனியில் உறைந்த வயலில், ஒரு பேட்டரியை நம்பிச் செய்வது என்றால்?

செங்கா இரண்டே விதி போட்டாள். ஒன்று, யாரும் இன்ஜினைப் போடக்கூடாது. எந்த வண்டியும் தானே சேர்த்து வைத்ததில்தான் ஓடவேண்டும்; தவிர, நின்ற இடத்தில் இன்ஜின் ஓட்டுவது அந்தப் பண்ணையில் எப்போதுமே ஆகாத காரியம். இரண்டு, அடுப்பு எரியும்வரை ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கவேண்டும்.

"ரெண்டாவது விதி அவன் சொல்லிக் குடுத்ததா?" என்றாள் எஃபி.

"நானா யோசிச்சேன். எனக்குப் புட்டிங் திங்கணும், பொணம் தூக்கக் கூடாது."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இரண்டு பானைகளும் கொதிக்கத் தொடங்கின. வெளியே பூஜ்யத்துக்கு ஆறு பாகை கீழே. மூன்று நாளாகச் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி கிடந்தது. இரண்டு வண்டிகளும் வேலி ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னால் மர்டோவுடையது; அதன் பின்பக்கத்துக்கு ஆறேழு அடி தள்ளி எஃபியின் நூலக வண்டி.

முதல் இரண்டு மணி நேரம் எஃபிக்குக் கொண்டாட்டம். சிலிண்டர் நிறைய இருந்தது. குளிருக்குத் தோதான புரொப்பேன். சுடர் நீலமாக, நேராக நின்றது. பானை களகளவென்று பேசிக்கொண்டே இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரைச் சேர்த்தாள். பட்டை வாசனை வண்டி முழுவதும் பரவியது. அவள் பாட்டுக்கூடப் பாடினாள்.

ஒரே ஒரு வருத்தம், சூடு போதவில்லை. இரண்டு விரல் ஜன்னல் வழியாகக் குளிர் கத்தி போல இறங்கியது. செங்கா வந்து உட்காரும்போது கால் விறைத்தால் என்ன ஆவது? எட்டிப் பார்த்தாள். மர்டோவின் வண்டி ஜன்னலில் அவன் தொப்பியும் மப்ளரும் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஹீட்டரையே அணைத்துவிட்டிருக்கிறான்! இப்போது என் வண்டி மட்டும் கதகதவென்று இருந்தால் ஜெயித்தது நான்தானே?

எஃபி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கொஞ்ச நேரம்தானே, செங்கா வருவதற்குள் திறந்துவிடலாம். விறகு கணப்பில் இன்னொரு கட்டையைப் போட்டாள்.

மணி பன்னிரண்டு பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம்.

அலாரம் அலறியது.

அது சாதாரணச் சத்தமல்ல. பல்லுக்குள் நுழைகிற சத்தம். எஃபியின் கை முதலில் போனது அலாரத்தின் வாயை அடைக்கத்தான். ஐம்பது நிமிஷம். தோல் கட்டுகிற நேரம். நெருப்பை அணைத்தால் எல்லாம் போயிற்று, வண்டியே போயிற்று. ஜன்னலை மட்டும் திறந்துவிட்டுப் பார்க்கலாமா? பாழாய்ப்போன பெட்டி, பேட்டரி பழசாக இருக்குமோ?

ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு ஞாயிறுதோறும் மர்டோ சொல்கிற மூன்று வார்த்தை தானாக வாயில் வந்தது: அணை, திற, போ. கேஸ் குமிழைத் திருகினாள். பானையின் பேச்சு நின்றது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, கோட்டுகூட இல்லாமல், பனிப்புல்லில் இறங்கி ஓடினாள்.

போச்சு. என் வண்டிதான் தோற்றது. என் ஜன்னல், என் புத்தி. அவன் சொன்னதெல்லாம் சரி. அவனிடமே போய் ஒப்புக்கொள்வோம் என்று முன்வண்டியை நோக்கி நடந்தவள், பாதியில் நின்றாள்.

மர்டோவின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, பூனை மாதிரி. பின்னால் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்து, குளிரில் மேலே எழும்ப முடியாமல், புல்லோடு புல்லாக ஊர்ந்து நேராக அவள் வண்டியின் அடிக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து எங்கே போகும்? அவன் குடைந்து சுத்தம் செய்த துவாரத்தின் வழியாக மேலே வர எவ்வளவு நேரம்?

"மர்டோ கில்லிஸ்!"

கதவு திறந்தது. மர்டோ வெளியே தலை நீட்டினான். அவள் முகத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து வருகிற அலாரத்தைக் கேட்டான். புகையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே பாய்ந்து சாவியைத் திருகினான், இன்ஜின் செத்தது. படியில் இறங்கினான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"தல வலிக்குதா? மயக்கம் வருதா? குமட்டுதா? எஃபி, பேசு! இது என்ன, எத்தன வெரலு?"

"மூணு. நடு வெரலுல கருப்பு வெல்லம். நக்கிப் பாத்தியா நீ?"

"வெளயாடாத எஃபி!" அவன் அழுதுகொண்டிருந்தான். அறுபதை எட்டுகிற மனுஷன், மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல். "பதினெட்டு சதவீதம்தான் பேட்டரி இருந்துச்சு. சூரியன் இல்ல. அம்பது நிமிசம் தாங்காது. பத்தே நிமிசம் இன்ஜினப் போட்டா சார்ஜ் ஏறிடும்னு... அடக் கடவுளே, ஒரு புட்டிங்குக்காக ஒன்னக் கொன்னிருப்பேன்."

சத்தம் கேட்டுச் செங்கா வந்துவிட்டாள். வந்ததும் திட்டவில்லை, முதலில் போன் போட்டாள். மருத்துவ உதவி எண்ணில் ஒரு நர்ஸ் கேள்விமேல் கேள்வி கேட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, அலாரம் அடித்ததும் வெளியே வந்தாயிற்று. மர்டோவையும் அதே கேள்விகள் கேட்டார். அவனுக்கும் அழுகையைத் தவிர ஒன்றுமில்லை. சரி, வெளிக்காற்றிலேயே இருங்கள், கொஞ்சம் ஏதாவது மாதிரி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், வண்டி நன்றாகக் காற்றாடி அலாரம் அடங்கும்வரை யாரும் உள்ளே போகாதீர்கள் என்றார். போனை வைத்த பிறகுதான் செங்கா வாயைத் திறந்தாள்.

"இன்ஜினப் போட்டது யாரு?"

"நான்" என்றான் மர்டோ.

"பண்ணைக்கே பாதுகாப்பு மந்திரி மாதிரி திரிஞ்சியேடா! ஒலகத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் குடைஞ்சியே, ஒன் பொகை எங்க போவும்னு பாத்தியா?" அவள் திரும்பினாள். "எஃபிதான் ஜெயிச்சா. இவன் வண்டிய விக்கணும். முடிஞ்சது."

மர்டோ பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். நான்கு வருஷம் இழைத்த வண்டி. அவன் அந்தச் சாவியைப் பார்க்கக்கூட இல்லை என்பதை எஃபி கவனித்தாள். அவன் கண் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. உதடு நீலமாகிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. இத்தனை ஞாயிறும் இவன் பார்த்தது என் வண்டியை அல்ல. சோப்பு நுரை தடவியதும், ஜன்னலில் விரல் வைத்ததும், அண்ணி தூசி தொட்டதும் ஒன்றா? எவ்வளவு பெரிய மடச்சி நான்!

"செங்கா, இரு. என் ஜன்னலப் போய்ப் பாரு."

"ஏன்?"

"சாத்திக் கெடக்கு. நான்தான் சாத்தினேன். ஒனக்குக் காலு விறைக்கக் கூடாதுன்னு."

செங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட ஜோடிகள் எத்தனையோ. ஆனால் இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை.

"பாதி அவன் பொகை, பாதி என் ஜன்னல். விதின்னு பாத்தா ரெண்டு பேரும் தோத்தாச்சு" என்றாள் எஃபி.

"அப்ப புட்டிங்கு?"

அப்போதுதான் அது மூவருக்கும் ஞாபகம் வந்தது. மர்டோவின் பானையும் ஓய்ந்திருந்தது. அவன் இன்ஜினோடு சேர்த்து எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டிருந்தான். நூலக வண்டி காற்றாட, ஒரு மணி நேரம் மூவரும் வயலில் போர்வை சுற்றிக்கொண்டு நின்று குதித்தார்கள். அலாரம் அடங்கிய பிறகு இரண்டு மூட்டைகளையும் எஃபியின் மேடையில் வைத்துப் பிரித்தார்கள். ஜன்னல் இந்தத் தடவை நாலு விரல் திறந்திருந்தது. எஃபியின் க்ளூட்டி ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் கஞ்சி. மர்டோவுடையது வெளியே கஞ்சி, நடுவே பச்சை மாவு.

செங்கா இரண்டிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

"கல்யாணத்துக்கு நானே செய்யிறேன். நீங்க ரெண்டு பேரும் பானைக்குப் பத்தடி தள்ளி நில்லுங்க."

எஃபிக்குச் சிரிப்பு வந்தது. நின்றுகொண்டு சிரிக்க முடியவில்லை, உட்கார்ந்தாள். மர்டோவும் அழுத முகத்தோடு சிரிக்கத் தொடங்கினான். பச்சை மாவை விட்டுவிட்டு வெந்த இடமாகப் பார்த்துக் கிள்ளிக் கிள்ளி மூன்று பேரும் முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்கள். கஸ்டர்டு ஊற்றினால் எதுவும் இறங்கும்.

"அது சரி, எந்த வண்டிய விக்கிறது?" என்றாள் செங்கா வாயைத் துடைத்துக்கொண்டு. மர்டோ கொண்டுவந்து வைத்த சாவி இன்னும் மேடைமேல் கிடந்தது.

எஃபி அதை எடுத்து மர்டோவின் சட்டைப் பையில் போட்டுத் தட்டினாள்.

"எதையும் விக்க வேணாம். எனக்குச் சமைக்க ஒரு வண்டி. இவனுக்குப் பயப்பட ஒரு வண்டி."

"கல்யாணம் பண்ணிட்டு ரெண்டு வண்டியா?" என்றான் மர்டோ மெல்ல.

"ஏன், என் சமையல ஒன் ஹீட்டரு பக்கத்துல ஒக்காந்து தின்னா தொண்டையில எறங்காதா? தூங்க ஒன் வண்டி. அங்க ஒன் பச்சை வெளக்கு, செவப்பு வெளக்கு எல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கும், நான் தூங்குவேன். ஆனா ஒண்ணு. இனிமே ஒன் வண்டி பின்பக்கம் என் வண்டியப் பாத்து நிக்கக் கூடாது."

மர்டோ உடனே எழுந்துவிட்டான். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தான். இருட்டுவதற்குள் செய்துவிட வேண்டுமாம். எஃபி நூலக வண்டியின் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி, தரைத் துவாரத்தையும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தட்டால் மூடிவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வயலில் போய் நின்றாள். செங்கா பஸ் டிப்போக் குரலில் கத்தினாள்: "வா, வா, வா... ஒடி, இன்னும் ஒடி... நில்லுடா!" மூன்று தடவை முன்னும் பின்னும் போய், மர்டோவின் வண்டி அரைவட்டம் அடித்து வந்து நின்றது. இரண்டு புகைக்குழாய்களும் வயலின் வெவ்வேறு மூலைகளைப் பார்த்தன. இரண்டு கதவுகளும் நேருக்கு நேர் வந்தன. நடுவே ஒரு மனுஷன் கையை விரித்தால் இரண்டையும் தொடலாம். இன்ஜின் நின்று, புகை கலைந்து, அலாரத்தின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகே எஃபி துவாரத்தைத் திறந்தாள். அழுத்தியது மர்டோ அல்ல, அவளே.

பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து இரு படிகளுக்கும் நடுவில் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள், காலில் வீட்டுச் செருப்போடு, அது நனையாமல், நாலு தடவை போய் வந்தாள். முதல் தடவை உப்பு கேட்கப் போனாள். மற்ற மூன்று தடவைக்கும் காரணம் எதுவும் இல்லை.